ஒன்பது வீட்டுப் பாத்திரங்களில் மயிலாத்தாள்

வடவள்ளியில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பின்னால், பேருக்கு ஒரு பவளமல்லிச் செடிகூட இல்லாத பவளமல்லி அபார்ட்மெண்ட்ஸ் என்று ஒன்பது வீட்டுக் கட்டடம் ஒன்று உண்டு. அதைக் கட்டிய புண்ணியவான் ஒன்பது வீட்டிலும் பூஜையறைக்குத் தாராளமாக இடம் விட்டார், செருப்பு அலமாரிக்கு இடம் விட்டார், பாத்திரம் கழுவ மட்டும் இடம் விட மறந்துபோனார். அதனால் பதினோரு வருஷமாக ஒன்பது வீட்டு எச்சில் பாத்திரமும் பிளாஸ்டிக் கூடைகளில் ஏறிப் படியிறங்கி, கட்டடத்தின் பின்பக்கம் தகரக் கூரைக்கு அடியில் இருந்த குழாயடிக் கல்லுக்கு வந்து, மயிலாத்தாள் கையால் வெளுத்து, மறுபடியும் மாடி ஏறிக்கொண்டிருந்தன.

ஒன்பது வீட்டுப் பாத்திரமும் ஒரே கல்லில் கலந்தால் சண்டை வராமல் என்ன செய்யும். ஏ-2 லலிதாம்பிகைக்கும் சி-1 கோமளவல்லிக்கும் ஒரு பால் குண்டா விஷயமாக மூன்று வருஷம் பேச்சுவார்த்தை நின்று, மார்கழியில் ஒரே வாசலில் இரண்டு கோலம் விழுந்து, கடைசியில் சங்கச் செயலாளர் ஜெகநாதன், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்று வீட்டில் வேலையில்லாமல் இருந்தவர், கூட்டம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானம் எழுதினார்: பாத்திரத்தில் யார் பெயர் வெட்டியிருக்கிறதோ பாத்திரம் அவருடையது, இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. அன்றே பேர் வெட்டுகிற ஆளை டவுன்ஹாலில் இருந்து கூட்டி வந்தார்கள். அவன் கார் நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து கரண்டி, சல்லடை, இடுக்கி வரைக்கும் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டிவிட்டுப் போனான்.

மயிலாத்தாள் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவள். அந்தப் பேர்களைத் தேய்த்துத் தேய்த்தே எழுத்துக்கூட்டிக்கொண்டாள். ‘ல’ லலிதாம்பிகையின் சட்டியில் கிடைத்தது, ‘கோ’ கோமளவல்லியின் தூக்கில் கிடைத்தது, ‘ஜெ’ கிடைத்தபோது அது எதற்கும் உதவாது என்று விட்டுவிட்டாள். தன் பேரையும் இப்படிப் பல வீட்டுப் பாத்திரங்களில் இருந்து எழுத்தெழுத்தாகப் பொறுக்கித்தான் அவள் சேர்த்தாள். ஆனால் அந்தப் பேர் வெட்டிய பாத்திரம் ஒன்று அவளிடம் கிடையாது. மருதமலை அடிவாரத்தில் இரண்டு வீட்டுக்கும் தெரியாமல் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணத்துக்கு யார் குடமும் சாப்பாட்டு வட்டலும் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

மாலை மாற்றிக்கொண்ட ஆள் திருமூர்த்தி. அந்தக் கட்டடத்துக்கே வயர்மேன். நல்ல வேலைக்காரன், கரண்டைக் கண்டு பயப்படாதவன், மனிதர்களைக் கண்டால் மட்டும் சரி சரி என்று தலையாட்டுகிறவன். இந்தக் கதையில் நடந்த அத்தனை கோளாறுக்கும் அந்தத் தலையாட்டல்தான் காரணம் என்று அவனே பின்னால் ஒத்துக்கொண்டான்.

தை மாதம் மயிலாத்தாளுக்குச் சிக்குன்குனியா வந்து கைகால் மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டாள். மூன்றாம் நாளே கட்டடம் நாறியது. பி-3 கிருத்திகா, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண், குடியரசு தினத் தள்ளுபடியில் ஒரு பாத்திரம் கழுவும் மிஷினை வாங்கினாள். ஒருத்தி வாங்கினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது மிஷின் வந்து இறங்கியது. வைக்க இடம்? பூஜையறைதான். முருகனும் லட்சுமியும் ஹாலுக்கு வந்து டிவிக்கு மேலே உட்கார்ந்தார்கள், மிஷின் நெற்றியில் குங்குமம் வாங்கிக்கொண்டு கர்ப்பக்கிருகத்தில் உட்கார்ந்தது. ஒன்பதுக்கும் தனி லைன் இழுத்து, பதினாறு ஆம்பியர் பிளக் வைத்து, கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்க எர்த் கொடுத்தது திருமூர்த்தி. நல்ல எர்த் எங்கே இருக்கிறது என்று டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தான். குழாயடிக் கல்லுக்குப் பக்கத்தில் இருந்த பழைய எர்த் குழியில் பல்பு பளீரென்று எரிந்தது. ஒன்பதையும் அதிலேயே கட்டினான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மயிலாத்தாள் பாயில் படுத்தபடி, “இன்னிக்கு என்ன வேலைங்க?” என்று கேட்பாள். “ஃபேன் ரிப்பேர்” என்பான். லைன் இழுத்த பதினோரு நாளும் ஃபேன் ரிப்பேர்.

பன்னிரண்டாம் நாள் அவள் நொண்டிக்கொண்டே வந்து குழாயடியில் உட்கார்ந்து, எப்போதும்போல மேலே பார்த்து, “பாத்திரம் போடுங்க” என்று குரல் கொடுத்தாள். ஒரு கூடையும் இறங்கவில்லை. ஒன்பது வீட்டுப் பூஜையறையிலும் சளசளவென்று தண்ணீர் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து, சுவரோரமாகப் போகிற புது வயரை விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தாள். யார் அடித்த கிளிப் என்று அவளுக்குத் தெரியாதா, கிளிப்பை எப்போதும் தலைகீழாக அடிக்கிற ஆள் இந்த ஊரில் ஒருத்தன்தான். அன்றிலிருந்து அவள் திருமூர்த்தியோடு பேசவில்லை. பேரூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் அண்டா தேய்க்கிற வேலைக்கு, வீங்கின விரலோடு விடிகாலை பஸ் பிடித்துப் போனாள். வீட்டில் சோறு வடிப்பாள், குழம்பு வைப்பாள், அவன் முன்னால் தட்டை வைப்பாள். சத்தம் மட்டும் கிடையாது. வேலை போனது அவளுக்குப் பெரிதில்லை. பதினோரு நாள் பக்கத்தில் படுத்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் பெரிது. அது திருமூர்த்திக்கும் தெரிந்திருந்தது. எப்படி வாய் திறப்பது என்பதுதான் தெரியவில்லை.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கிருத்திகா மிஷினைத் திறந்து, சுடச்சுட ஒரு டம்ளரை எடுத்தாள். ‘கிருத்திகா’ என்று இருந்த இடத்தில் ‘மயிலாத்தாள்’ என்று இருந்தது. புள்ளி புள்ளியாக, டவுன்ஹால் ஆள் வெட்டுகிற அதே தினுசில், கடைசி ‘ள்’ளின் சுழி மட்டும் கொஞ்சம் தாராளமாக. அவள் டம்ளரை வைத்துவிட்டுத் தட்டை எடுத்தாள். தட்டிலும் மயிலாத்தாள். கண்ணாடிக் கிண்ணத்தில் மயிலாத்தாள், பீங்கான் கோப்பையில் மயிலாத்தாள், பன்னிரண்டு ஸ்பூனிலும் எறும்பு எழுதின மாதிரி மயிலாத்தாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதால் அதே டம்ளரில் காபி குடித்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமைக்குள் ஒன்பது வீட்டிலும் இதே சங்கதி. லலிதாம்பிகையின் கல்யாணக் குடத்தில் ‘மயிலாத்தாள் 12.6.1989’ என்று வந்தது. அந்தத் தேதியில் மயிலாத்தாளுக்கு வயசு ஐந்து. கூடவே மிஷின் கதவைத் தொட்டால் கை சுள்ளென்று இழுத்தது. அதனால் முன்னே சாமி இருந்த அறைக்குள் எல்லாரும் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சாமிகள் டிவி மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

கம்பெனியில் இருந்து நீலச்சட்டை போட்ட டெக்னீஷியன் வந்தான். கதவு ஸ்விட்சைப் பார்த்தான், தண்ணீர் வருகிற வால்வைப் பார்த்தான், சூடுபண்ணும் காயிலைக் கழற்றி மாட்டினான், சர்க்யூட் போர்டையே புதிதாகப் போட்டான். பிறகு கோளாறு நம்பர்கள் அச்சடித்த புத்தகத்தைப் புரட்டினான். தண்ணீர் வராவிட்டால் ஒரு நம்பர், தண்ணீர் வழிந்தால் ஒரு நம்பர், சூடேறாவிட்டால் ஒரு நம்பர். பேர் வெட்டினால் நம்பர் இல்லை. நம்பர் இல்லாத கோளாறு கோளாறே அல்ல என்பது கம்பெனி விதி. ‘பாத்திரம் சுத்தமாக வருகிறது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மனுசன் எதற்கும் பழகிவிடுவான், அபார்ட்மெண்ட்காரன் அதிலும் சீக்கிரம் பழகுவான். விருந்தாளிகள் கேட்டால் என்ன சொல்வது என்பது ஒன்றுதான் பிரச்சினை. கோமளவல்லி, அது எங்கள் பெரிய பாட்டியார், சொத்தெல்லாம் அவர் பேரில்தான் இருந்தது என்றாள். லலிதாம்பிகை அதைக் கேட்டுவிட்டு, அதெல்லாம் இல்லை, அது எங்கள் குலதெய்வம் என்று ஒரு படி ஏறினாள். கோவில் எங்கே என்று கேட்டவர்களுக்குத் தாராபுரம் தாண்டி என்று கை காட்டினாள். கிருத்திகாவின் வீட்டுக்காரன், அது ஜெர்மன் பிராண்டு என்று ஆபீஸ் நண்பர்களிடம் அடித்துவிட்டான். அதில் ஒருத்தன் ஊரிலுள்ள பெரிய பாத்திரக் கடை அத்தனையும் ஏறி இறங்கி, மயிலாத்தாள் கம்பெனிக் குக்கர் இருக்கிறதா என்று விசாரித்தான். ஸ்டாக் தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வரும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதுதான் இதில் விசேஷம். ஆக, பேர் இருந்தது, பேருக்குப் பாட்டி பட்டமும் தெய்வப் பட்டமும் கிடைத்தன. பேருக்குச் சொந்தக்காரி மட்டும் பேரூரில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. திருமூர்த்திக்குத் தோன்றியது, வாய்தான் வரவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஜெகநாதன் பல்செட்டைக் கழற்றி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்கிற பழக்கம் உள்ளவர், அவருடைய மருமகள் டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மிஷினில் கவிழ்க்கிற பழக்கம் உள்ளவள். பல்செட் வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. மேல்வரிசை முன்பல் ஆறிலும் பல்லுக்கு ஓர் எழுத்தாக ம, யி, லா, த், தா, ள். வேறு செட் செய்து வர ஒரு மாசம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றுமுதல் செயலாளர் சிரிப்பதை நிறுத்தினார். மேல் உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசியதில் அவர் சொல்வது எல்லாமே ஓர் உறுமல் போலக் கேட்டது.

அந்த உறுமலோடுதான் திருமூர்த்தியைக் கூப்பிட்டார். “அடுத்த ஞாயித்துக்கெழம பி-3 பொண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்டுல இருந்து நாப்பது பேரு வர்றாங்க. அதுக்குள்ள அத்தனை பாத்திரத்துலயும் அவங்கவங்க பேரு திரும்பி வரோணும். இல்லீன்னா நாங்க வேற வயர்மேன் பாத்துக்கறோம்.”

“சரிங்க சார்” என்று திருமூர்த்தி தலையாட்டினான். ஆட்டிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று யோசித்தான். பெண்டாட்டி வேலையைப் பறித்தது அவன் கை. இப்போது அவள் பேரையும் அழிக்கப்போவது அதே கை.

இருந்தாலும் வேலை என்று வந்தால் அவன் கை நிற்காது. கோளாறு தேடுவதற்கு அவனிடம் ஒரே முறைதான்: சந்தேகத்தைப் பாதியாக வெட்டு, சுத்தமான பாதியைத் தள்ளு, மிச்சத்தை மறுபடியும் வெட்டு. ஒன்பது மிஷினும் ஒரே நேரத்தில் கெடாது, ஆகவே மிஷினைத் தள்ளினான். பிளக்கைக் கழற்றினான், கருகல் இல்லை, திருகு இறுக்கமாக இருந்தது, பிளக்கையும் தள்ளினான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் டெஸ்ட் லேம்ப் வைத்தால் பல்பு பளீரென்று எரிந்தது, லைனையும் தள்ளினான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தான். பல்பு எரியவில்லை, உள்ளே ஒரு சிவப்பு இழை மட்டும் முனகிக்கொண்டிருந்தது. எர்த் செத்துவிட்டது. போக வழியில்லாத கரண்டுதான் கதவில் நின்று கடிக்கிறது.

தலைகீழ் கிளிப்புகளைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கி, பின்பக்கம் போய், குழாயடியில் எர்த் குழியின் மூடியை நெம்பினான். குழிக்குள் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் அவன் விரல் முழுசாகப் போயிற்று. எர்த் குழிக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது வயர்மேன் படிக்கிற முதல் பாடம். இந்தக் கட்டடத்தில் பதினோரு வருஷமாக அவன் ஒரு சொம்பு ஊற்றியதில்லை. பின்னே தை மாதம் பல்பு எப்படி அப்படிப் பளீரென்று எரிந்தது? மயிலாத்தாள் ஒன்பது வீட்டுப் பாத்திரம் அலசிய தண்ணீர் அத்தனையும் கல்லில் இருந்து வழிந்து இதே குழிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. சாம்பலும் புளியும் சோப்புமாக, பதினோரு வருஷம், ஒருநாள் தவறாமல், அவள்தான் இந்தக் கட்டடத்துக்கு எர்த் கொடுத்திருக்கிறாள். திருமூர்த்தி குழி விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது, அழுதான். வயர்மேன் குழாயடியில் அழுவதை ஏ-2 ஜன்னலில் இருந்து பார்த்த லலிதாம்பிகை, ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினான். மண் அதை ஒரே மூச்சில் குடித்தது. மேலே போய்க் கிருத்திகா வீட்டு மிஷினில் ஒரு டம்ளரைப் போட்டு ஓட்டிப் பார்த்தான். டம்ளர் வெளியே வந்தபோது ‘மயிலா’ என்று மட்டும் இருந்தது. பாதிப் பேர் போய்விட்டது. இன்னும் ஒரு குடம் ஊற்றினால் மீதியும் போய்விடும். கோளாறு கிடைத்துவிட்டது, தீர்வும் கிடைத்துவிட்டது, நாலு நிமிஷ வேலை. அவன் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மயிலாத்தாள் அப்போதுதான் ஹாஸ்டலில் இருந்து வந்து, வெந்நீரில் விரல்களை நனைத்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“மயிலா, இந்தத் தடவ முன்னாடியே சொல்லீர்றேன்” என்று ஆரம்பித்து, டம்ளரையும், குடத்தையும், கோமளவல்லியின் பெரிய பாட்டியாரையும், லலிதாம்பிகையின் குலதெய்வத்தையும், செயலாளரின் ஆறு பல்லையும், கடைசியில் வெடித்த குழியையும் ஒன்றுவிடாமல் சொன்னான். “அந்த லைன நாந்தான் இழுத்தேன். நீ காச்சல்ல கெடந்தப்ப உன்ற மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னேன். தப்புத்தான். இப்பத் தண்ணி ஊத்துனா உம்பேரு அழிஞ்சுரும், ஊத்தலீன்னா எம்பட வேல போயிரும். நீ சொல்றதச் செய்யறேன்.”

அவள் வெந்நீரில் இருந்து கையை எடுத்தாள். விரல்களை முந்தானையில் துடைத்தாள். பல்செட் கதை வந்த இடத்தில் மட்டும் உதட்டோரம் ஒரு தடவை துடித்தது என்று திருமூர்த்தி பின்னால் சத்தியம் செய்தான்.

வளைகாப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், பேர் இன்னும் திரும்பி வரவில்லை என்று கார் நிறுத்துகிற இடத்தில் அவசரக் கூட்டம். ஒன்பது வீட்டாரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தபோது மயிலாத்தாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து, குழாயடிப் பக்கம் போகாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“மயிலா, நீ எங்க இங்க” என்றாள் கோமளவல்லி.

“பெரிய பாட்டிய அப்படிக் கேக்கலாமுங்களா” என்றாள் மயிலாத்தாள். கிருத்திகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஜெகநாதன் உதட்டை இழுத்துக்கொண்டு உறுமினார். “இது சங்கத்துக் கூட்டம். மெம்பருக மட்டுந்தான்.”

“அந்த மினிட்ஸ் புக்கக் கொஞ்சம் படிங்க சார். பால் குண்டாச் சண்டைக்கு நீங்க எழுதுனது.”

அவர் படிக்கவில்லை. கிருத்திகா எழுந்து போய்ப் புத்தகத்தை வாங்கிப் படித்தாள். யார் பெயர் வெட்டியிருக்கிறதோ பாத்திரம் அவருடையது, இதில் மறுபேச்சுக்கு இடமில்லை. ஒன்பது குடும்பம் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தது: நாளைக்கு வளைகாப்புக்குச் சோறு பொங்குகிற அண்டாவில் இருந்து, இப்போது கையில் வைத்திருக்கிற காபி டம்ளர் வரைக்கும் அவளுடையது. லலிதாம்பிகை டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

“அதெப்பிடி, சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல...” என்று ஜெகநாதன் கோபத்தில் உதட்டை விட்டுவிட்டார். ஆறு பல்லும் வெளியே வந்தன.

மயிலாத்தாள் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாள். “எம்பட பல்ல மாட்டிக்கிட்டு எங்கிட்டயே சட்டம் பேசறீங்களா சார்.”

அதற்கப்புறம் கூட்டத்தில் ஒழுங்கு என்று ஒன்று இல்லை. ஜெகநாதனின் மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் ஓடினாள். ஒருவழியாக அமைதி வந்ததும் லலிதாம்பிகை குரலைத் தாழ்த்தி, நீயே பழையபடி வந்து கழுவிக் கொடுத்துவிடு மயிலா, மிஷினெல்லாம் வேண்டாம் என்றாள்.

“எம்பட பாத்தரத்த நாங் கழுவிக்கறேனுங்க. உங்க பாத்தரம் வேணும்னா நீங்க போயித் தண்ணி ஊத்துங்க. அந்தக் குழிக்கு வீட்டுக்கு ஒரு கொடம், தெனமும். ஆளு அனுப்பப்படாது, வீட்டுக்காரங்களே கல்லு மேல உக்காந்து ஊத்தோணும். ஊத்துனா உங்க பேரு வருமாமா. என்னைக்கு உட்டுப்போகுதோ அன்னைக்கு எம்பேரு வரும். நாஞ் சொல்லலீங்க, உங்க வயர்மேன் சொன்னாரு. அவருதான் நல்ல வேலக்காரராச்சே.” சுவரோரம் நின்றிருந்த திருமூர்த்தி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பிறகு எழுந்து, காபிக்கென்று கொண்டுவந்து அடுக்கியிருந்த பாத்திரங்களுக்கு முன்னால் போய் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எல்லாவற்றிலும் அவள் பேர். பதினோரு வருஷம் அடுத்தவர் பேரைப் பளபளப்பாக்கின விரல் தன் பேர் மேல் புள்ளி புள்ளியாகப் போய் வந்தது. கடைசியில் ஒரு வட்டலை மட்டும் எடுத்தாள். லலிதாம்பிகையின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த சாப்பாட்டுத் தட்டு. மிஷின் அதில் மேல்வரியை மட்டும் மாற்றிவிட்டுக் கீழ்வரியை அப்படியே விட்டிருந்தது: மயிலாத்தாள், திருமண நினைவாக.

“இது போதுமுங்க. பல்ல நீங்களே வெச்சுக்குங்க சார், பத்திரமா.” அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கே வரிசை கட்டினார்கள். கோமளவல்லி மூட்டு வலியோடு கல்லில் உட்கார்ந்து குடத்தைச் சாய்த்தாள், அவளுக்குப் பின்னால் லலிதாம்பிகை, அதற்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு செயலாளர். வளைகாப்புச் சாப்பாடு அவரவர் பேர் வெட்டிய பாத்திரத்தில்தான் நடந்தது. பால் குண்டாவில் மட்டும் எத்தனை குடம் ஊற்றியும் மயிலாத்தாள் பேர் போகவில்லை, அதனால் அந்தச் சண்டையும் தீர்ந்தது. இன்றைக்கும் வடவள்ளிப் பக்கம் போனால், காலை எட்டு மணிக்கு ஒன்பது வீட்டுக்காரர்களும் குடத்தோடு நிற்பதைப் பார்க்கலாம். விருந்தாளிகள் கேட்டால் குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் என்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை திருமூர்த்தி வீட்டுக்குப் போனபோது மயிலாத்தாள் சோறு வடித்திருந்தாள். புதுத் தட்டில் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, ஒரு வார்த்தை பேசாமல் அவன் முன்னால் வைத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். சோறு குறையக் குறைய முதலில் ‘ம’ தெரிந்தது, அப்புறம் ‘யி’ தெரிந்தது. முழுப் பேரும் தெரிந்ததும் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, பின்வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேங்காய் நாரில் சபீனாப் பொடியைத் தொட்டு, பலம் கொண்ட மட்டும் தேய்க்க ஆரம்பித்தான்.

வாசற்படியில் அவள் வந்து நின்ற நிழல் தட்டு மேல் விழுந்தது.

“அழுத்தித் தேய்க்காதீங்க” என்றாள். “பேரு போயிரும்.”